மாடு மாகாணத்துக்கு, புல் கொழும்புக்கு

இலங்கைத் தமிழரசுக் கட்சி சமஷ்டி கேட்பது தனிநாடு கேட்பதற்குச் சமம் என்று ஒருவர் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார். 2017 ஆகஸ்ட் 4 அன்று தீர்ப்பு வந்தது. சமஷ்டி என்பது ஒரே நாட்டுக்குள் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு முறை, அதைக் கேட்பது பிரிவினை ஆகாது என்றது நீதிமன்றம். 1949 இல் செல்வநாயகம் கட்சி தொடங்கியது முதல் மேடைக்கு மேடை கேட்டுவந்த ஒன்றைக் கேட்பது குற்றமில்லை என்று தெளிவாக இத்தனை காலம் எடுத்தது. அந்தத் தீர்ப்பு வந்து இரண்டு மாதம் ஆவதற்குள், செப்டெம்பர் 30 அன்று, கிழக்கு மாகாண சபையின் ஆயுள் முடிந்தது. பிறகு தேர்தல் வைக்கவே இல்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்தான் மாகாணத்தை நடத்துகிறார். ஆட்சி மாற மாற ஆளுநரும் மாறுகிறார்.

கடைசியாக நாங்கள் மாகாண சபைக்கு வாக்களித்தது 2012 செப்டெம்பரில். அப்போது வாக்களிக்க வயது காணாதவர்கள் பலர் இப்போது பிள்ளைகுட்டியோடு இருக்கிறார்கள். மாகாண சபை என்றால் அவர்களுக்கு ஆசிரியர் இடமாற்றம், வேலை கேட்டுப் பட்டதாரிகள் உட்காரும் வாசல், அவ்வளவுதான். 2017 இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. பழைய முறைக்குத் திரும்ப ஒரு சின்னச் சட்டத் திருத்தம் போதும் என்று அன்றிலிருந்து எல்லோரும் சொல்கிறார்கள். நடந்தபாடில்லை.

ஏன் என்று கேட்டால் நமது ஆட்களிடம் உடனே வருகிற பதில் சிங்களப் பேரினவாதம். அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் நமக்குப் பிடிபடாமல் போகிற விடயங்கள் நிறைய இருக்கின்றன. கிழக்கில் இருந்து பார்க்கிறவருக்கு அவற்றை மறைக்க முடியாது.

முதலில் மயிலத்தமடு. மட்டக்களப்பில் இதைத் தெரியாதவர் இல்லை. வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெரும்போகத்துக்கு வயல்களை உழுது விதைத்துவிட்டால் ஊர்ப்பக்கம் மாடு மேய இடம் கிடையாது. ஒக்டோபர் அளவில் பட்டிகளைச் சாய்த்துக்கொண்டு மேற்கே காட்டோரத் தரைகளுக்குப் போவார்கள். அறுவடை முடிந்த பிறகு திரும்பி வருவார்கள். அப்பன், பாட்டன் காலத்துப் பழக்கம் இது. அப்படிப் போகிற இடங்களில் பெரியது மயிலத்தமடு, மாதவனைப் பக்கம். அந்த நிலம் மகாவலி என்ற பெரிய நீர்ப்பாசனத் திட்டத்துக்குள் வருகிறது. வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே சேனை வெட்டிப் பயிர் வைத்தார்கள். மாடுகள் சூட்டுக்காயத்தோடும் வெட்டுக்காயத்தோடும் செத்துக் கிடக்கின்றன என்று பண்ணையாளர்கள் முறையிட்டார்கள். 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரமாகக் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். வெயில், மழை, மாரி என்று போராட்டம் நீண்டது.

அந்தப் பக்கத்துப் பண்ணையாளர் ஒருவர், வயது எழுபதுக்குக் கிட்ட இருக்கும், என்னிடம் சொன்னார்: "மனே, மாடு நம்மட. கண்டுக்குச் சுகமில்லையெண்டா மருந்து குத்த வாறவர் மாகாணத்து டொக்டர். நல்ல மனுசன். ஆனா மாடு நிக்கிற நிலத்தப் பத்திக் கேட்டா அவர் என்னத்தச் செய்வார்? அது அவருக்கு மேல, மேலுக்கும் மேல."

மாகாண சபைகளை உருவாக்கிய, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தை வரி வரியாக விளக்குகிற சட்டத்தரணிகள் சொல்வதை அவர் இரண்டு மூச்சில் சொல்லிவிட்டார். 1987 நவம்பரில் நிறைவேறிய அந்தத் திருத்தத்தில் கால்நடை வளர்ப்பு மாகாண நிரலில் இருக்கிறது. மிருக வைத்தியர், தடுப்பூசி, பால் உற்பத்தி எல்லாம் மாகாணத்தின் வேலை. காணியும் அதே நிரலில்தான் இருக்கிறது. ஆனால் காணிக்கென்று தனியாக ஒரு பின்னிணைப்பைப் போட்டு, அரச காணி குடியரசுக்கே உரியது என்றும், ஒரு மாகாணத்துக்கு மேற்பட்டுப் போகிற நீர்ப்பாசன, காணி அபிவிருத்தித் திட்டங்கள் மத்திய அரசுக்கு என்றும் எழுதி வைத்தார்கள். மகாவலி அப்படிப்பட்ட திட்டம். ஆக, மாடு மாகாணத்துக்கு, புல் கொழும்புக்கு.

அதே பின்னிணைப்பு தேசியக் காணி ஆணைக்குழு ஒன்றை அமைக்கச் சொல்கிறது. எல்லா மாகாண சபைகளின் பிரதிநிதிகளும் அதில் இருக்க வேண்டும். காணிக் கொள்கையை அவர்கள் கூடித்தான் வகுக்க வேண்டும். 1987 இலிருந்து எத்தனை ஜனாதிபதிகள் வந்து போனார்கள், ஒருவரும் அதை அமைக்கவில்லை. புதிய அரசியலமைப்பு தேவையில்லை, பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு தேவையில்லை. ஏற்கெனவே சட்டத்தில் உள்ளதைச் செய்தால் போதும். அதைச் செய்யாமலே காலம் போக, 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றமும் அரச காணி மீதான அதிகாரம் மத்திக்கே என்று சொல்லிவிட்டது.

காணியில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதற்கு விடை அம்பாறையில் இருக்கிறது. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபையை அமைத்தார்கள். நாங்கள் பட்டிப்பளை ஆறு என்று சொல்கிற ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தைக் கட்டினார்கள். வாய்க்கால் வெட்டினார்கள், காடு அழித்தார்கள், குடியேற்றினார்கள். 1956 இல் அங்கே தமிழர்கள் மீது வன்முறை நடந்தது. 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியைப் பிரித்து அம்பாறை மாவட்டம் ஆக்கினார்கள். யாருக்கு எங்கே காணி கொடுப்பது என்ற ஒரே ஒரு அதிகாரம் ஒரு மாவட்டத்தின் முகத்தையே மாற்றியதை எங்கள் பெற்றோர் கண்ணால் பார்த்தார்கள்.

அதனால்தான் 1957 பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்தில் பிராந்திய சபைகளே காணி பெறுவோரைத் தெரிவு செய்யலாம் என்று எழுதச் செய்தார்கள். அடுத்த வருடம் பிக்குகள் பிரதமர் வீட்டின் முன்னால் உட்கார, ஒப்பந்தம் கிழிந்தது. 1965 டட்லி–செல்வநாயகம் ஒப்பந்தத்தில் வடக்கு, கிழக்கில் காணி கொடுக்கும்போது முதலில் அந்தந்த மாவட்டத்துக் காணியற்றவர்கள், பிறகு வடக்கு, கிழக்கில் உள்ள தமிழ் பேசுவோர், பிறகு மற்றவர்கள் என்று ஒழுங்கு போட்டார்கள். அதுவும் கைவிடப்பட்டது. மொழி, கொடி, தேசிய கீதம் என்று வெளியில் எவ்வளவு சத்தம் கேட்டாலும், உள்ளே போய்ப் பார்த்தால் சண்டை காணிக்குத்தான்.

சரி, சிங்கள மக்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? இலங்கைக்குச் சமஷ்டி பொருந்தும் என்று 1926 இல் பிரசாரம் செய்தவர் பின்னாளில் பிரதமரான எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கதான். யாழ்ப்பாணத்துக்கு வந்தும் பேசினார். அரசியலமைப்புச் சீர்திருத்தத்துக்காகப் பிரித்தானியர் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவிடம் கண்டிய தேசிய சபை கேட்டதும் சமஷ்டியைத்தான்: கண்டியருக்கு ஒன்று, கரையோரச் சிங்களவருக்கு ஒன்று, வடக்குக் கிழக்குக்கு ஒன்று என மூன்று அலகுகள். கரையோரத்தவர் தங்களை விழுங்கிவிடுவார்கள் என்று கண்டியர் பயந்தார்கள். 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்து, கொழும்பில் தங்கள் கையும் ஓங்கும் என்று தெரிந்த பிறகு அந்தக் கோரிக்கை மெல்ல மறைந்தது. ஆக, சமஷ்டி வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் இரத்தத்தில் ஊறிய குணம் கிடையாது. முழு நாட்டுக் கணக்கில் தோற்பவர் பிராந்தியக் கணக்கைக் கேட்கிறார். முழு நாட்டுக் கணக்கில் வெல்பவர் மறுக்கிறார்.

மறுப்பவரிடம் வெறும் கணக்குத்தான் இருக்கிறது, பயம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1990 மார்ச் 1 அன்று வடக்கு–கிழக்கு மாகாண சபையின் முதலமைச்சர் வரதராஜப்பெருமாள் மாகாணத் தலைநகர் திருகோணமலையில் ஈழப் பிரகடனத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். கொடுத்தால் பிரிந்து போவார்கள் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் காட்டுவது அந்த நாளைத்தான். அம்பாறை மாவட்டத்து உகணையில் இருக்கிற சிங்களக் குடும்பத்துக்கு வேறொரு கணக்கும் இருக்கிறது. நாட்டில் அவர்கள் பெரும்பான்மை. கிழக்கு மாகாணத்தில், 2012 குடிசன மதிப்பீட்டின்படி, சுமார் 23 வீதம். வடக்கோடு இணைந்தால் இன்னும் சின்னதாகிவிடுவார்கள். அதிகாரம் திருகோணமலைக்கு வருகிறது என்றால் எங்களுக்கு மகிழ்ச்சி, அவர்களுக்கு அது தூரம் கூடுகிற செய்தி.

இதற்குப் பிறகு வருவது அரசியல்வாதிகளின் கணக்கு. இதில் இன பேதம் கிடையாது. ஒரு பாராளுமன்ற உறுப்பினருக்கு ஊரில் மரியாதை எதனால் வருகிறது? வீதி போட்டுக் கொடுத்தால், வேலை எடுத்துக் கொடுத்தால், இடமாற்றம் வாங்கிக் கொடுத்தால். இவற்றில் பாதி மாகாண சபைக்குப் போனால் அதே ஊரில் அவருக்குப் போட்டியாக இன்னொருவர் முளைப்பார். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து அதிகாரிகளை அதட்டுகிறவர்கள் மாகாண சபைத் தேர்தலுக்காக எத்தனை தடவை குரல் கொடுத்தார்கள்? தமிழ் உறுப்பினர்களையும் முஸ்லிம் உறுப்பினர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். மாகாணப் பாடசாலையை மத்தியின் கீழுள்ள தேசியப் பாடசாலை ஆக்கித் தாருங்கள் என்று கேட்டுப் போகிற பெற்றோரும் பழைய மாணவரும் நம் ஊரில் குறைவா? மத்தியின் காசு பெரிது, அதனால் கேட்கிறோம். கேட்டுக் கேட்டு நாமே ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கிறோம்.

2012 ஐ எடுத்துப் பாருங்கள். வாழ்வாதார உதவிக்கென்று வந்த திவிநெகும சட்டமூலம் மாகாணங்களுக்குரிய பல வேலைகளை மத்தியின் திணைக்களம் ஒன்றுக்குள் கொண்டுபோகிறது, ஆகவே எல்லா மாகாண சபைகளின் கருத்தையும் பெற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. கிழக்கில் புதிய சபை கூடி அதிக நாள் ஆகவில்லை. தமிழ் பேசுகிறவர்கள் பெரும்பான்மையாக இருந்த அந்தச் சபை அதற்குச் சம்மதம் கொடுத்தது. ஆளுங்கட்சிக் கூட்டணியில் இருந்தவர்களுக்குக் கொழும்பில் இருந்த தலைமை முக்கியமாகப் பட்டது, தங்கள் சபை முக்கியமாகப் படவில்லை. அதிகாரத்தை மேலே இருந்து பறித்தார்கள் என்று எழுதும்போது, கீழே இருந்து நீட்டிய கையையும் எழுதத்தான் வேண்டும்.

இனி முஸ்லிம் மக்கள். வடக்கு–கிழக்கு இணைப்பைப் பற்றி அவர்களிடம் பேச வேண்டுமானால் 1990 ஐ ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. அந்த வருட ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழர்களை இராணுவத்தினர் கொன்றார்கள். இரண்டு ஊரும் மட்டக்களப்பு நகரத்துக்கு இரண்டு பக்கம். முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரஃப் முஸ்லிம் பெரும்பான்மை அலகொன்றைக் கேட்டது இந்த நிலத்தில் நின்றுதான். 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றபோது தமிழர் பலருக்கு இழவு வீடு போல இருந்தது. அடுத்த தெருவில் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். இரண்டும் உண்மையான உணர்வுகள்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோர நகரமான கல்முனைக்கு வருவோம். கல்முனை வடக்குத் தமிழ்ப் பிரதேச செயலகம் 1989 இலிருந்து உப அலுவலகமாகவே இயங்குகிறது. 1993 இல் அதைத் தரமுயர்த்த அமைச்சரவை முடிவெடுத்தது. முடிவு தாளிலேயே கிடந்தது. 2019 ஜூனில் பிக்கு ஒருவரும் குருக்கள் ஒருவரும் உள்ளூர் உறுப்பினர்களும் உண்ணாவிரதம் இருந்தார்கள். அமைச்சர்கள் வந்தார்கள், வாக்குறுதி கொடுத்தார்கள், போனார்கள். அம்பாறை மாவட்டத்தில் தமிழர்கள் சுமார் 17 வீதம். பிறப்புச் சான்றிதழ் தொடக்கம் காணிப் பத்திரம் வரைக்கும் தங்கள் அலுவலகத்தில் முடிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். முஸ்லிம் பக்கத்தில் இதை எதிர்ப்பவர்களுக்கு நிலத்தொடர்பு, எல்லை, நகரத்தின் வருமானம் என்று தங்கள் நியாயங்கள் இருக்கின்றன. சரி, அவர்களுக்குள்ளாவது ஒற்றுமையா? பக்கத்தில் சாய்ந்தமருது மக்கள் கல்முனை மாநகர சபையிலிருந்து பிரிந்து தனி சபை கேட்டார்கள். 2020 பெப்ரவரியில் வர்த்தமானியும் வந்தது. வந்த சூட்டிலேயே நிறுத்தியும் வைத்தார்கள்.

கொழும்பிடமிருந்து அதிகாரம் வேண்டும் என்று சொல்கிற நாங்கள் எல்லோரும், பக்கத்து ஊருக்கு அதிகாரம் போகாமல் தடுக்கவும் கொழும்புக்குத்தான் ஓடுகிறோம். இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது. கல்முனையில் எனக்கு இரண்டு பக்கத்திலும் நெருங்கியவர்கள் இருக்கிறார்கள்.

இது எங்கள் மண்ணுக்கு மட்டும் உரிய நோய் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மாநில உரிமை என்று முழங்கிய தென் மாநிலங்கள், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தர மத்திய அரசே சட்டம் போட வேண்டும் என்று 1850 இல் போட வைத்தன. வட மாநிலங்கள் மறுத்தபோது அந்த மாநிலங்களின் உரிமை அவர்களுக்குத் தெரியவில்லை. 2022 ஜூனில் கருக்கலைப்பு விடயத்தை மாநிலங்களிடமே விடுகிறோம் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதைத்தான் பல வருடங்களாகக் கேட்டுவந்த தரப்பிலிருந்தே மூன்று மாதத்துக்குள் நாடு முழுவதற்குமான தடைச் சட்டமூலம் ஒன்று செனட் சபைக்கு வந்தது. ஒரு விடயம் தங்களுக்கு உயிர் என்றால் அதை இன்னொரு ஊரார் வேறு விதமாகத் தீர்ப்பதைப் பொறுக்க முடியவில்லை. அதே நாட்டில் 1957 இல் லிட்டில் ராக் பாடசாலைக்குள் கறுப்பின மாணவர்கள் நுழைய மத்திய அரசின் படை வரவேண்டியிருந்தது. மாநிலத்திடம் விட்டிருந்தால் அந்தப் பிள்ளைகள் வாசலிலேயே நின்றிருப்பார்கள். எல்லாவற்றையும் மாகாணத்திடம் விட்டுவிடுங்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லாததற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் சிறியவர்களைக் காக்க மத்தி வலுவாக இருக்கட்டும் என்று சிலர் சொல்வார்கள். கேட்க நியாயமாக இருக்கும். கல்முனையைப் பார்த்தால் அந்த நியாயம் நிற்காது. முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கோப்பு கொழும்பில்தானே இருக்கிறது? எந்த மாகாண சபையும் அதைத் தடுக்கவில்லையே? கொழும்பு அங்கே தமிழரையும் காக்கவில்லை, முஸ்லிம்களின் பயத்தையும் தீர்க்கவில்லை. இரண்டு பக்கத்தையும் காத்திருக்க வைத்தது. தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு பக்கத்துக்கும் நம்பிக்கை கொடுத்து வாக்கு வாங்கியது. மயிலத்தமடுவும் மத்தியின் நேரடிப் பொறுப்பில் உள்ள நிலம்தான். நடுநிலையான பெரிய கை என்று சொல்லப்படுகிற அந்தக் கை கிழக்கில் நடுநிலையாக இருந்ததற்கு எனக்கு ஒரு சாட்சியும் கிடைக்கவில்லை.

ஆகவே நான் சமஷ்டியைக் கேட்கிறேன், திருகோணமலையோடு நின்றுவிடாத சமஷ்டியை. மாகாணத்துக்குக் காணி அதிகாரம் வேண்டும். அதே சட்டத்தில், மாகாணத்தில் எந்த இனம் ஆண்டாலும் மற்றவர்களின் கிராமத்து எல்லையிலும் அலுவலகத்திலும் அந்த மக்களின் சம்மதம் இல்லாமல் கை வைக்க முடியாது என்ற வரியும் வேண்டும். உகணைச் சிங்களவருக்கும், சாய்ந்தமருது முஸ்லிமுக்கும், கல்முனைத் தமிழருக்கும் அதே வரி பொருந்த வேண்டும். தமிழ்த் தலைவர்கள் இந்த இரண்டாவது பாதியை மேடையில் பேசுவதை நான் அரிதாகத்தான் கேட்டிருக்கிறேன். முதல் பாதிக்குக் கைதட்டு கிடைக்கும், அதனாலாக இருக்கலாம்.

இந்த மண்ணில் இது நடக்காது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1980களின் தொடக்கத்தில் கல்லோயாவின் இடதுகரையில் வயற்கால்வாய்க்கு ஒன்றாக உழவர் குழுக்கள் அமைந்தன. தலைமடையில் சிங்களவர், கடைமடையில் தமிழரும் இருந்தார்கள். சேனநாயக்க சமுத்திரத்தில் நீர் குறைந்திருந்த காலம் அது. கடைமடைக்கு நீர் எட்டாமலே போகும் என்று பொறியியலாளர்களே நினைத்த வாய்க்காலில், தலைமடைக்காரர் முறை வைத்துத் தங்கள் மடையை அடைத்துக் கீழே நீர் விட்டார்கள். வெளியிலிருந்து உத்தரவு வந்து செய்ததில்லை. அந்தக் குழுக்களில் பேசித் தீர்மானித்தார்கள். இதே 1956 ஐக் கண்ட கல்லோயாதான்.

இன்றும் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. விவசாய அமைப்புக்காரர்கள், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல உத்தியோகத்தர் எல்லோரும் உட்கார்ந்து எந்தத் திகதியில் நீர் திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பை முடிப்பது என்று பேசுவார்கள். சத்தம் போடுவார்கள், ஒருவரை ஒருவர் குறை சொல்வார்கள், கடைசியில் ஒரு திகதிக்கு வருவார்கள். வயல்வெளியிலிருந்து மாடுகளை எந்தத் திகதிக்குள் அகற்ற வேண்டும் என்பதும் அங்கேதான் முடிவாகிறது. அந்த முடிவுக்குப் பண்ணையாளர்கள் கட்டுப்படுகிறார்கள். அகற்றிய மாடுகள் எங்கே போய் நிற்பது என்று முடிவெடுக்கிற அதிகாரம் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கும் இல்லை.